அக்கா எறக்காத ஏரோப்ளேன்

எங்க அக்கா ஒரு ஏரோப்ளேன பறக்க விட்டிருக்கு. எறக்குனது இல்ல. இத நான் கோப்பிக் கடையில, கோயில்ல, சாவு வீட்டுலகூட சொல்லியிருக்கேன். ஒருத்தனும் நம்பல. நீங்க நம்புவீங்க. லயத்து வரிச வீட்டுல பொறந்து, ஒட்டுப்பால் நாத்தத்துல வளந்து, இப்ப ஈப்போவுல டெரஸ் வீட்டுல முட்டிக்கு தைலம் தேச்சிக்கிட்டு கெடக்கற நம்ம செட்டுக்கு, தோட்டத்துல என்னென்ன நடந்துச்சுன்னு தெரியும்லா. நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்ல. சொல்றது முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்குங்க.

அக்காவ கட்டிக் குடுத்தது ஹுத்தான் மெலிந்தாங்குல. அன்னையிலேர்ந்து அங்கதான். மச்சான் போயி சேந்துட்டாரு. இந்த வருசம் கண்ணுல பொற எடுக்கணும்னு ஈப்போவுக்கு வந்து எங்க வீட்டுல தங்குச்சு. பொற எடுத்தப்பறம் அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். வாசல்ல நின்னுக்கிட்டு, "டேய், அந்த மலையில மரம் ஒவ்வொன்னா தெரியுதுடா. இத்தன நாளா அத ஒரே பச்சையாத்தான் பாத்தேன்"னு சொல்லும். ஆனா அடுப்புக்கிட்ட போவக் கூடாது, தூசு ஆவாது, வெயில் ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலம் பூரா ஓடுன ஆளு. வீட்டுக்குள்ள உக்கார முடியல. என் வேட்டியெல்லாம் மடிச்சு வச்சுது. மடிச்சத பிரிச்சு மறுபடியும் மடிச்சுது.

மக எங்க கூடத்தான் இருக்கு, மருமகனுக்கு தெலுக் இந்தான்ல வேல. வாரக் கடைசில வருவாரு. நல்ல மனுசன், ஒரு பைத்தியம்தான் உண்டு. ரேடியோவுல ஓட்டுற சின்ன ஏரோப்ளேன். காம்பார் பக்கம் ஈயம் தோண்டி விட்ட பழைய லம்பத்து மணல்ல அத கொண்டு போயி பறக்க விடுவாரு. அன்னைக்கு அந்த ரேடியோ பெட்டி சாப்பாட்டு மேசையில கெடந்துச்சு. ரெண்டு கைக்கும் ரெண்டு குச்சி, உச்சியில கொம்பு மாதிரி ஒன்னு. அக்கா அத தூக்கி அப்படி இப்படி பொரட்டிப் பாத்துச்சு.

"பட்டன் எங்க மாப்ள?"

"பட்டன் கெடையாது பெரிம்மா, குச்சிதான். எதுக்கு கேக்குறீங்க?"

"நான் புடிச்ச பெட்டியில பட்டன்தான்."

மருமகன் என்ன பாத்தாரு. நான் நாலு வார்த்தையில சொன்னேன். அவருக்கு வாய் தொறந்தது மூடல. காம்பாருக்கு கூட்டிட்டுப் போறேன்னாரு. வெயிலு, தூசு, டாக்டர் திட்டுவாருன்னு நான் சொன்னேன். "அப்ப வீட்டுலயே பறக்கலாம்"னாரு. லேப்டாப்புல அதுக்கு ஒரு வெளையாட்டு இருக்காம். வெளையாட்டுன்னு சொல்லக் கூடாதாம், பழகுறதுக்காம். இந்த நெசப் பெட்டிய ஒரு வயர போட்டு லேப்டாப்போட சேத்துட்டா, திரையில இருக்கற பிளேன் இந்தக் குச்சிக்கு ஆடுமாம். இடிச்சா ஒடையாது, லேப்டாப்புல கீழ இருக்கற நீட்டு பட்டன தட்டுனா புதுசா வந்து நிக்கும்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "அதுல எறக்கலாமா?"

"எறக்கலாம் பெரிம்மா. அதுதான் ரொம்ப கஷ்டம்."

"அப்ப போடு."

ஆனா அவரு அன்னைக்கு சாயங்காலமே தெலுக் இந்தானுக்கு கெளம்பணும். லேப்டாப்பு, பெட்டி, வயரு எல்லாத்தையும் மேசையில வச்சுட்டு, சாப்பாட்டு நேரத்துல போன் பண்றேன் மாமா, நீங்களே மாட்டிரலாம், சூசா இல்ல, லேசுதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாள் மக வேலைக்குப் போனதும் நாங்க ரெண்டு கெழடுங்களும் மேசைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்தோம். வயர்ல ஒரு முன சின்னது, ஒரு முன தட்ட. மாட்டுனதும் பெட்டி கீச்சுன்னு கத்துச்சு. பெட்டியிலயே ஒரு குட்டி திரை, அதுல இங்கிலீசுல ரெண்டு வரி. நான் போன போட்டேன்.

"மாமா, மேல உள்ள வரி ஜோய்ஸ்டிக். கீழ உள்ளது ஸ்டோரேஜ். மேல உள்ளத அமுக்குங்க."

அமுக்குனேன். லேப்டாப்புல ஏதோ மஞ்ச மஞ்சளா பையி மாதிரி தொறந்துச்சு. ஏரோப்ளேன காணோம்.

"கீழ அமுக்கிட்டீங்க மாமா. அது பெட்டிய பென் டிரைவுன்னு நெனச்சுக்கிச்சு. புடுங்கிட்டு மறுபடி மாட்டுங்க."

"நான் மேலதான்யா அமுக்குனேன்!"

அக்கா எட்டிப் பாத்துச்சு. "பெட்டிய தலகீழா புடிச்சிருக்கடா. கொம்பு ஒன் வயித்த குத்துது பாரு."

மறுபடி மாட்டுனோம். இந்த தடவ திரையில நாலு கோடு வந்துச்சு. குச்சிய ஆட்டுனா கோடு ஏறும், எறங்கும். மருமகன் போன்லயே சொன்னாரு. மொதல்ல ரெண்டு குச்சியையும் நடுவுல விடணும். அப்பறம் நாலு மூலைக்கும் நல்லா சுத்தணும். அப்பதான் நம்ம கை எதுவரைக்கும் போவும்னு லேப்டாப்புக்கு புரியுமாம். "மாவு ஆட்டுற மாதிரி சுத்துங்க பெரிம்மா"ன்னாரு. அக்கா பெட்டிய மடியில வச்சு ரெண்டு குச்சியையும் சுத்துச்சு பாருங்க, ஒரு படி உளுந்து ஆட்டியிருக்கலாம். அப்பறம் எந்தக் குச்சி இஞ்சினு, எந்தக் குச்சி ரெக்கைன்னு ஒன்னொன்னா அதுக்கு காட்டிக் குடுத்தோம். முடிஞ்சுதுன்னு நெனச்சு பறக்க விட்டா, குச்சிய இழுத்தா மூக்கு தூக்கணும், இது தல குப்புற மண்ணுல குத்துது. மறுபடி போனு. ஒரு கோடு மட்டும் திரும்பிக் கெடக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கும், அத தட்டுங்கன்னாரு. தட்டுனதும் சரியாப் போச்சு.

திரையில ஒரு பச்ச பாடாங், பந்து வெளையாடுற தெடலு மாதிரி. நீங்க அதோட ஓரத்துல நிக்கற மாதிரி. பிளேனு ஒங்களுக்கு முன்னால. அக்கா இஞ்சின் குச்சிய மெதுவா ஏத்துச்சு. ஓடுச்சு, எழும்புச்சு, போச்சு. மொத தடவ, நம்புங்க. மரத்துக்கு மேல நேரா போச்சு, சோத்துக் கைப் பக்கம் சாஞ்சுச்சு, நிமிந்துச்சு. அப்பறம் அது வளைஞ்சு நம்மள பாக்க திரும்பி வந்துச்சு. அக்கா கை ஒரு பக்கம் குடுத்துச்சு, பிளேனு மறு பக்கம் சாஞ்சுச்சு. இன்னும் குடுத்துச்சு, இன்னும் சாஞ்சுச்சு. பொத்துன்னு விழுந்துச்சு.

அக்கா பெட்டிய மேசையில வச்சுட்டு சொல்லுச்சு. "அதே எடம்டா."

எந்த எடம்னு சொல்லணும்னா டிரஸர் ஐயாவ சொல்லணும்.

டிரஸர்னா தோட்டத்து ஆஸ்பத்திரியப் பாத்துக்கறவரு. சிலோன்காரரு, கல்யாணம் பண்ணிக்கல, வெள்ள கால்சட்ட, வாயில எப்பவும் ஒரு ஏலக்கா. எங்களுக்கு அவர கண்டா நடுக்கம். ஒரு கரண்டி வெளக்கெண்ணைய வச்சுக்கிட்டு லயம் லயமா வருவாரு. அவரு வீட்டுலதான் அந்த ஏரோப்ளேன் இருந்துச்சு. பஞ்சு மாதிரி லேசா ஒரு மரக்கட்ட, அதுல கடதாசி ஒட்டி, நகத்துக்கு பூசற சாயம் மாதிரி வாசன அடிக்கற ஒன்ன பூசியிருப்பாரு. செவப்பு ரெக்க. மொகத்துல கட்ட வெரல் அளவுக்கு ஒரு இஞ்சினு. அதுக்கு ஊத்துற எண்ணையிலயும் வெளக்கெண்ண கலந்திருக்கும் போல, பறந்து போனா பின்னாலயே அந்த மணம் வரும். பசங்க எல்லாம் மேல பாத்துக்கிட்டே வாய பொத்திக்குவோம்.

பெட்டி தரையில நிக்கும். சாம்பல் நெறம், ஆள் ஒசரத்துக்கு ஒரு கம்பி. அதுலேர்ந்து ஒரு வயரு, வயரு முனையில ஒரு பட்டன். அவ்வளவுதான். ஒரு தடவ அமுக்கிப் புடிச்சா பிளேனு சோத்துக் கைப் பக்கம் திரும்பும். ரெண்டு தடவ அமுக்குனா பீச்சாங்கைப் பக்கம். விட்டா நேரா போவும். பிளேனு வயித்துக்குள்ள முறுக்கி விட்ட ஒரு ரப்பர்தான் வால திருப்பும். நம்ம மரத்துப் பாலு எங்கயோ கப்பல்ல போயி ரப்பரா திரும்பி வந்து, நம்ம தலைக்கு மேலயே பறந்துச்சு. இஞ்சின நிறுத்தறதெல்லாம் நம்ம கையில இல்ல. எண்ண தீந்தா அதுவா நிக்கும், அப்பறம் காத்துல மெதந்து எறங்கும். எங்க எறங்குதுங்கறது மட்டும்தான் பட்டன்.

டிரஸர் ஐயாவுக்கு அதுதான் வராது. நல்லா ஏத்துவாரு. எறங்கறப்ப எங்கயாவது மரத்துக்குள்ள போயிரும். போனா தேடித் தர்றது அக்காதான். அக்காவுக்கு அப்ப பதினஞ்சு வயசு இருக்கும், அம்மாவோட மரம் வெட்டுச்சு, பால் எறங்க பட்டைய கீறுற வேல. எந்த நெரையில எந்த மரம் கோணல்னு அதுக்கு தெரியும். பிளேனு எங்க மறைஞ்சுச்சுன்னு ஒரு பார்வ பாக்கும், நேரா போயி எடுத்துட்டு வரும், ஒரு கீறல் இல்லாம. ஒரு தடவ இப்படி கொண்டு வந்து குடுத்துட்டு கைய நீட்டிக்கிட்டே நின்னுச்சு.

"என்ன பிள்ளை, காசு வேணுமோ?"

"இல்ல ஐயா. அத ஒருக்கா நான் அமுக்கணும்."

இன்னொரு மனுசனா இருந்தா போ வேலைய பாருன்னுருப்பான். அவரு ஏலக்காய இந்தக் கன்னத்துலேர்ந்து அந்தக் கன்னத்துக்கு தள்ளிட்டு, உள்ள போயி ஒரு பழைய பட்டன எடுத்துட்டு வந்தாரு. வயரு அறுந்து போனது. அமுக்குனா டிக்குன்னு சத்தம் மட்டும் வரும்.

"முதல் இதிலை பழகும். அமத்தின உடனை அது திரும்பாது, கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும். அந்தப் பொறுமை கைக்கு வரவேணும். வந்தாப் பிறகு சொல்லும், பாப்பம்."

இப்ப மருமகனோட லேப்டாப்ப பாக்கறப்ப எனக்கு சிரிப்பு வருது. நாங்க அப்பவே அத செஞ்சோம். வெறும் பட்டன அமுக்கி என்ன பண்றது? எதாவது திரும்பணுமே! அக்கா என்ன பாத்துச்சு. "டேய், நீ பிளேனு."

மரம் வெட்டி முடிச்சதும் பாலு மங்குல சொட்டி நெறையற வரைக்கும் சும்மா இருக்கணும்லா, அந்த நேரத்துலதான். நான் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நெரையில ஓடுவேன். பின்னால டிக்குன்னு கேட்டா சோத்துக் கைப் பக்கம் சாயணும். டிக் டிக்குன்னா இந்தப் பக்கம். வாயால இஞ்சின் சத்தம் வேற போடணும். "ஒடனே திரும்பாதடா! எண்ணிட்டு திரும்பு! நீ என்ன, நான் நெனச்ச ஒடனே திரும்புற? பிளேனுக்கு அவ்வளவு அறிவு கெடையாது!" அப்படி கத்தும். நான் லேட்டா திரும்ப, மரம் முன்னால வந்து நிக்க, நெத்தி வீங்கும். வீங்குனா அக்கா கவலப்படுறது என் நெத்திக்காக இல்ல. "சே, அர மூச்சு முன்னாலயே அமுக்கியிருக்கணும்"னு தனக்கு தானே பேசிக்கும்.

நாளாவ நாளாவ நான் இடிக்கறது நின்னுச்சு. நெசமா சொல்றேன், கண்ண மூடிக்கிட்டு ஓடுவேன். டிக், டிக் டிக், டிக். மரத்துக்கு மரம் புகுந்து போவேன், சட்டகூட ஒரசாது. அக்கா அவ்வளவு சுத்தமா ஓட்டும். அந்த மாதிரி ஒரு நம்பிக்க எனக்கு அப்பறம் யாரு மேலயும் வந்தது இல்ல.

இதுல ஒரு ஓட்ட இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. போறப்பதான் நான் ஏரோப்ளேன். நெரை முடிஞ்சதும் இடுப்புல கட்டியிருக்கற பைய அவுத்து, மரத்துல காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கற ஒட்டுப்பால உரிச்சுக்கிட்டே பக்கத்து நெரை வழியா நடந்து வருவேன். அது என் வேல, வெறும் பையோட வந்தா அம்மா உரிச்சுரும். அதனால அக்கா ஒரு நாளும் நான் எதுக்க வரப்ப பட்டன் அமுக்குனது இல்ல. போற பிளேனத்தான் பழகுச்சு, வார பிளேன பழகவே இல்ல. எதுக்க வந்தா அதோட சோத்துக் கை நமக்கு பீச்சாங்கைப் பக்கம்லா இருக்கும்.

ஒரு நாள் டிரஸர் ஐயா என் நெத்தியில இருந்த பழைய தழும்ப பாத்துட்டு கேட்டாரு. மொதல்ல அக்கா என்ன மரத்துல மோத விட்டது, இப்ப கண்ண மூடிக்கிட்டு ஓடுனாலும் இடிக்காதது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு சிரிச்ச சிரிப்புல ஏலக்கா தொண்டைக்குள்ள போயிருச்சு. "அப்ப அவவுக்கு கை வந்திட்டுது. வாற ஞாயிறு அவவே பிடிக்கட்டும்."

அந்த ஞாயித்துக் கெழம தோட்டத்து மேனேஜரு பெரிய தொரையும், அவரு பொஞ்சாதி தொரச்சியும் பாக்க வந்துட்டாங்க. பாடாங் ஓரத்துல, பால் நிறுக்கற ஸ்டோர் பக்கமா நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. லயத்து சனமெல்லாம் கூடிருச்சு. அக்கா நடு பாடாங்ல, ஸ்டோரப் பாத்து, பட்டனோட. அம்மாவுக்கு அங்க வந்துதான் விசயமே தெரியும். ஒன்னும் சொல்ல முடியல, தொர இருக்காரே.

டிரஸர் ஐயா பிளேன தூக்கி எறிஞ்சாரு. அது ஸ்டோர் கூரைக்கு மேல ஏறுச்சு. அக்கா டிக்குன்னுது, ஒரு வட்டம் எடுத்துச்சு. சனம் ஓன்னு கத்துச்சு. ஏதோ வெளையாட்டுப் புள்ளன்னு நெனச்சிருந்தவங்க எல்லாம் ஒரு நொடியில மாறிட்டாங்க. கங்காணிகூட கைய தட்டுனாரு. அப்பறம் பிளேனு தொர தலைக்கு மேலேர்ந்து அக்காவ பாத்து நேரா வந்துச்சு.

அக்கா ஒரு டிக்கு. அது தப்பான பக்கம் போச்சு. டிக் டிக். இன்னும் மோசம், ரெக்க சாஞ்சு கீழ வருது. நான் கைய விரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன், என்னையறியாம. அப்பதான் அக்கா அத செஞ்சுச்சு. அப்படியே திரும்பிருச்சு. பிளேனுக்கு முதுக குடுத்துட்டு, தலைய மட்டும் தோளுக்கு மேல திருப்பி அத பாத்துச்சு. இப்ப பிளேனு பாக்கற பக்கம்தான் அக்காவும் பாக்குது. அதோட சோத்துக் கைதான் அக்காவோட சோத்துக் கை. ஒரு டிக்கு. ரெக்க நிமிந்துச்சு. அக்கா தலைக்கு மேல கடந்து போச்சு.

பதினஞ்சு வயசுப் புள்ள. யாரும் சொல்லிக் குடுக்கல. கண்ணு சிமிட்டுற நேரம்.

அதுக்கப்பறம் பிளேனு எந்தப் பக்கம் போவுதோ அக்காவும் அந்தப் பக்கம் திரும்பும். பம்பரமா சுத்துச்சு. சனத்துக்கு ஒன்னும் புரியல, சிரிச்சாங்க. எண்ண தீந்து இஞ்சின் நின்னுச்சு. பாடாங்கே அமைதியாயிருச்சு. பிளேனு ஸ்டோர் பக்கத்துலேர்ந்து சத்தமில்லாம எறங்கி வருது. அக்கா தொரைக்கு முதுக காட்டிக்கிட்டு, தோளுக்கு மேல பாத்துக்கிட்டு, பட்டன்ல வெரலு. ஒரு ஆள் ஒசரம். இன்னும் கொஞ்சம்.

தொர எந்திரிச்சு நின்னு ஏதோ கத்துனாரு.

அம்மா ஓடுச்சு. "தொரைக்கே முதுக காட்டி நிக்கறியாடி! கூத்தா காட்டுற!"ன்னு மயிர புடிச்சு இழுத்து, தொர பக்கம் திருப்பி, கும்பிட வச்சுது. பட்டன் கையிலேர்ந்து விழுந்துச்சு. பிளேனு நேரா போயி கோல் கம்பத்துல மோதி, செவப்பு ரெக்க ரெண்டா போச்சு.

மறுநாள் டிரஸர் ஐயா எங்க வீட்டு வாசலுக்கு வந்தாரு. "தொரை ஏசேல்லை அம்மா. கெட்டிக்காரி எண்டு கத்தினவர். பிள்ளை முதுகு காட்டேல்லை, பிளேன் பாத்த பக்கம் பாத்தவள்." அம்மா தலைய ஆட்டுச்சு, ஒன்னும் புரிஞ்ச மாதிரி இல்ல. அம்மாவ நான் கொற சொல்லல. சைக்கிள்ல தொரைய தாண்டிப் போனதுக்கு ஒரு குடும்பத்தையே லயத்த விட்டு எறக்குனத அது பாத்திருக்கு. அந்தப் பயத்துக்கு முன்னால ஏரோப்ளேனு என்ன? அந்த வருசம் முடியறதுக்குள்ள டிரஸர் ஐயாவுக்கு மாத்தலாயிருச்சு. ஒடஞ்சத ஒரு மருந்துப் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனாரு. அந்த டிக் பட்டன் எங்க போச்சுன்னு தெரியல. மறு வருசம் அக்காவ ஹுத்தான் மெலிந்தாங்குல குடுத்துட்டாங்க. அது இதப் பத்தி வாயத் தொறந்ததே இல்ல.

சரி, லேப்டாப்புக்கு வாரேன். அதே எடம்டான்னு சொல்லிட்டு அக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா? நாற்காலிய திருப்பிப் போட்டுச்சு. திரைக்கு முதுக குடுத்து உக்காந்து, தோளுக்கு மேல பாக்க தலைய திருப்புச்சு. கழுத்து பாதிக்கு மேல போவல. எழுபது தாண்டுன கழுத்து. "ஐயோ"ன்னு புடிச்சுக்கிச்சு. நான் தைலம் தேச்சு விட்டேன்.

மருமகனுக்கு போன போட்டு சொன்னேன். "மாமா, எல்லாரும் விழுற எடம் அதுதான். புதுசா வாரவங்களுக்கு ஒடம்ப திருப்பிக்கிட்டு தோளுக்கு மேல பாருங்கன்னு நாங்களே சொல்லிக் குடுப்போம். பெரிம்மாவுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுவா கண்டுபுடிச்சுச்சு."

"பாடாங் நடுவுலயா? பிளேனு மேல இருக்கறப்பவா? மாமா, நான் அது புரியறதுக்குள்ள நாலு பிளேன ஒடச்சேன்." அப்பறம் ஒரு வழி சொன்னாரு. ஏதோ ஒரு எழுத்த தட்டுனா, நாம பிளேனுக்கு பின்னாலயே பறந்து போற மாதிரி படம் மாறுமாம், அப்ப எதுக்க வாரதே கெடையாது. தட்டுனேன். அக்கா அத ஆத்து மேல, மல மேல எல்லாம் ஓட்டுச்சு, ஒரு எடத்துலயும் இடிக்கல. நான் கை தட்டுனேன்.

"மாத்துடா."

"ஏன்க்கா, நல்லாத்தானே போவுது?"

"இதுல நான் எங்கடா இருக்கேன்? கூடவே பறக்கறேனா? எறக்கறவ தரையில நிக்கணும். பழையபடி மாத்து."

மாத்துனேன். அன்னைக்கு முழுக்க விழுந்துச்சு. மறுநாளும் விழுந்துச்சு. மரத்துல, கூரையில, திரையில நிக்கற ஒரு காரு மேல. ஒவ்வொரு தடவயும் நான் நீட்டு பட்டன தட்டுவேன், புதுசு வந்து நிக்கும். அக்கா கோவப்படல, சலிச்சுக்கல. விழுந்ததும் கண்ண மூடி, கையில குச்சி இல்லாமலே வெரல அசச்சுப் பாக்கும். என் மக வேலையிலேர்ந்து வந்து, "அத்தே, கண்ணுக்கு ஆவாது, போதும்"னுச்சு. "சொட்டு மருந்து விட்டாச்சு, நீ போ"ன்னுச்சு.

மூணாவது நாளு, பிளேனு எதுக்க வந்துக்கிட்டிருக்கு, ஒரு ரெக்க தாழுது, அக்கா திடீர்னு சிரிச்சுச்சு. "டேய், காண்டாடா இது!"

தோள்ல காண்டா கம்பு வச்சு, ரெண்டு பக்கமும் பால் வாளிய தொங்க விட்டு தூக்குவோமே. நடக்கறப்ப ஒரு வாளி தாழ்ந்தா என்ன பண்ணுவோம்? தாழ்ந்த பக்கம் கைய குடுத்து தாங்குவோம். அக்கா அதத்தான் பண்ணுச்சு. எந்த ரெக்க தாழுதோ, குச்சிய அந்தப் பக்கம் குடுத்துச்சு, அடியில முட்டு குடுக்கற மாதிரி. ரெக்க நிமிந்துச்சு. போற பக்கம் எது, வார பக்கம் எதுன்னு யோசிக்கவே வேணாம். திரையப் பாத்து நேரா உக்காந்துக்கிட்டு, எதுக்க வார பிளேன அக்கா தாங்கித் தாங்கி கூட்டிட்டு வந்துச்சு.

அன்னைக்கு மருமகன் சாப்பாட்டு நேரத்துல போன் பண்ணுனாரு. நான் போன மேசையில வச்சு சத்தமா கேக்கற மாதிரி போட்டுட்டேன். அக்கா இஞ்சின் குச்சிய கொறைக்குது. பிளேனு பச்ச பாடாங்க பாத்து எறங்குது, மூக்கு நம்மள பாத்து. பீச்சாங்கை ரெக்க தாழ்ந்துச்சு, அக்கா முட்டு குடுத்துச்சு. இந்தப் பக்கம் தாழ்ந்துச்சு, முட்டு குடுத்துச்சு. அடுப்புல சோறு பொங்கற சத்தம் கேக்குது, போயி எறக்க முடியல.

சக்கரம் புல்லுல பட்டுச்சு. ஒரு துள்ளு துள்ளுச்சு. மறுபடி பட்டு, உருண்டு, உருண்டு, நின்னுச்சு.

"பெரிம்மா? என்ன சத்தத்த காணோம்? எறங்கிருச்சா?"

அக்கா திரைய விட்டு கண்ண எடுக்கல. "எறங்கிருச்சு மாப்ள. ஒடையல."

அவரு அங்க கத்துன கத்துல கூட வேல பாக்கறவங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்களாம். அக்கா பெட்டிய கீழ வைக்கல. கண்ணு தண்ணியா ஊத்துச்சு, பொற எடுத்த கண்ணு, டாக்டர் தொடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அப்படியே வழிய விட்டுச்சு. நான் நீட்டு பட்டன தட்டப் போனேன், புதுசு வரட்டும்னு.

"தட்டாதடா," அப்படின்னுச்சு. "கொஞ்ச நேரம் அது அங்கயே நிக்கட்டும்."